மொட்டுக்குக் காவல்

நேற்று, மே 4-ஆம் தேதி, கத்திரி தொடக்கம். மதுரையில் மற்றவர்கள் நுங்கு வண்டியைத் தேடிப் போனார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன், தோட்டத்தை ரசிக்க.

ரசிக்க விட்டால்தானே! பத்து மணிப் பூ விரியும் நேரத்தில் தளத்தில் கால் வைத்தால் செருப்பே இளகும். அந்திமந்தாரை நாலு மணிக்கு மேல்தான் கண் திறக்கும். மல்லி, விளக்கு வைத்த பிறகு. ஆனால் எங்கள் வீட்டு மல்லி செடியில் விரிந்ததை யாரும் பார்த்ததே இல்லை. மூணு மணிக்கே அம்மா எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்துவிடுவார். புழு குடைந்து ஊதாவாகிப்போன மொட்டுகள்தான் மிஞ்சும்.

“ஒரே ஒரு மொட்டு விட்டு வைம்மா. செடியில பூத்தா எப்படி இருக்குன்னு பார்க்கணும்.”

“செடியில பூத்ததை யாரு தலையில வைப்பா? வாசமெல்லாம் காத்தோட போயிரும்.”

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது “இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்” என்று கேட்டவரிடம் என்ன வாதாடுவது? தை மாதம் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது ஒரு மொட்டுகூட விடாத செடி, கோடையில் சந்தையே விலை இறங்கிக் கிடக்கும்போது பூத்துத் தள்ளுகிறதே என்பது அவருடைய தீராத கோபம்.

கடைசியில் ஒன்றை விட்டார். காவலுக்கு நான். நாற்காலியை விட்டு எழவில்லை. கொசு மட்டும் என்னை நன்றாக ரசித்தது. ஆறரைக்கு மேல் இதழ் நுனி லேசாகப் பிரிந்தது. அம்மாவும் பார்க்கட்டும் என்று கீழே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். முட்டி வலிக்காரர், படிக்கு ஒரு ‘முருகா’. நாங்கள் மேலே வருவதற்குள் துணி எடுக்க வந்த மாடி வீட்டு அக்கா கையில் அந்தப் பூ இருந்தது.

“மறந்துட்டீங்க போலம்மா, வீணாப் போயிருமேன்னு பறிச்சேன்.”

“அட, நீயே வச்சுக்க” என்று அம்மா அதை வாங்கி அக்காவின் கொண்டையில் செருகிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதையை ஆரம்பித்தார். இரண்டு பேரும் காற்று வாங்கினார்கள். எனக்கு வாளி வந்தது. கீழ்க்குழாயிலிருந்து செடிக்குத் தண்ணீர்.

மூணாவது வாளியோடு மேலே வந்தபோது அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்: “நாளைக்கும் ஒன்னை மறந்துட்டுப் போங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்.”