ரோஜாவின் தாகம்

மார்ச் 3
தோழி பூங்கொத்து கொடுத்தாள். ஆறு ரோஜா, நாலு கார்னேஷன், மூன்று ஜெர்பெரா. போன தடவை மூன்றாம் நாளே ரோஜாக்கள் தலை தொங்கிப் போனது இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால் இந்த முறை அவசரமாக ஜாடியில் செருகவில்லை. ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிட்டு, தண்டுகளை வாளித் தண்ணீருக்குள் வைத்தபடியே அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டினேன். வெளியே வைத்து வெட்டினால் தண்டின் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். ஜெர்பெராவின் தண்டு மெத்தென்று இருக்கும், ஆழத் தண்ணீரில் சீக்கிரம் அழுகும் என்பதால் அதற்கு மட்டும் தனி ஜாடி, நாலு விரல் தண்ணீர்.

மார்ச் 5
தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. ஒரு ரோஜாவை எடுத்து அடித்தண்டைத் தடவினால் விரலில் வழவழவென்று ஒட்டுகிறது. பாக்டீரியாதான். அதுதான் குழாய்களை அடைக்கிறது, பாவம் பூ, தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடுகிறது. தண்டுகளைக் கழுவி மறுபடி கொஞ்சம் வெட்டிவிட்டு, 1 லிட்டர் புதுத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, கடைசியாகச் சில சொட்டு பிளீச் விட்டேன். சர்க்கரை பூவுக்கு உணவு, ஆனால் அதை மட்டும் போட்டால் கிருமிக்கும் விருந்து. பிளீச்சையும் எலுமிச்சையையும் தண்ணீர் இல்லாமல் நேராகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

மார்ச் 6
தண்ணீர் தெளிவு. மொட்டாக வந்த ரோஜா ஒன்று விரிந்திருக்கிறது!

மார்ச் 8
கார்னேஷன் இரண்டு தூங்குவது போல இதழ்களை உள்ளே சுருட்டிக்கொண்டன. ஜாடிக்குப் பக்கத்தில் யாரோ பழத்தட்டை வைத்திருக்கிறார்கள். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடும், கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. தட்டை வேறு அறைக்கு மாற்றினேன், ஆனாலும் சுருண்ட இரண்டும் சுருண்டதுதான், மனசு கேட்கவில்லை.

மார்ச் 9
ஒரு ரோஜாவின் கழுத்து மடிந்துவிட்டது. தண்டைத் திரும்ப வெட்டி, பூவோடு முழுசாகத் தொட்டித் தண்ணீரில் படுக்கவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கழுத்து விறைப்பாக, நிமிர்ந்து இருக்கிறது. சரி, இனி ஃபேன் காற்று படாத மூலையில்தான் ஜாடி.

மார்ச் 12
ரோஜா மூன்று உதிர்ந்தன. மற்ற மூன்றையும் குட்டையாக வெட்டி, நல்ல கார்னேஷன் இரண்டோடு கண்ணாடி டம்ளரில் வைத்திருக்கிறேன். கழுத்து மடிந்தவளும் அதில் நிற்கிறாள்.