தண்டையார்பேட்டையில் கல்யாண முருங்கை: இதுவரை

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. வாழை வைத்தாலும் இலை ஓரமெல்லாம் கருகித்தான் நிற்கும். அதனால் கடலோரத்தில் தானாகவே வளரக்கூடிய கல்யாண முருங்கையை, அதாவது முள்முருங்கையை, பின்பக்கச் சுவரோரம் வைத்தேன். விதையெல்லாம் வேண்டாம், மணிக்கட்டு பருமனில் ஒரு போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, போதும். வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைத்து, மேல்முனையில் சாணி அப்பி ஊன்றினேன். துளிர் வந்ததும் ஆட்டிப் பார்க்காதீர்கள். முதல் துளிர் போத்தில் இருக்கும் சத்திலேயே வந்துவிடும், வேர் அப்புறம்தான்.

தை பிறந்ததும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. எதிர்வீட்டு ஆயா "பட்டுப்போச்சுப்பா, வெட்டிடு" என்றார்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. இலையுதிர்க்கும் மரம், அவ்வளவுதான்.

உண்மையான தொல்லை குளவி. கொசுவை விடச் சின்னது, இலைக்காம்புக்குள் முட்டை வைக்கிறது, காம்பும் நரம்பும் முடிச்சு முடிச்சாக வீங்கி இலை சுருண்டுவிடுகிறது. 2004-இல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள், அதற்குள் ஆசியா முழுக்கப் பரவத் தொடங்கியிருந்தது. கேரளத்தில் மிளகுக்கொடி ஏற்றிய மரங்களையும் இது விட்டுவைக்கவில்லை. நான் மருந்து அடிப்பதில்லை, தின்கிற இலையாச்சே. வீங்கிய கொப்பை ஒடித்து உடனே எரித்துவிடுகிறேன். கீழே போட்டால் உள்ளே இருப்பது பறந்துவிடும்.

சரி, அடை. ரொம்பக் கொழுந்தும் வேண்டாம், முற்றினால் நார், நடுத்தர இலைதான் சரி. நடுநரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு, ஊறவைத்த புழுங்கலரிசி, மிளகு, சீரகம், பூண்டு, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும், தண்ணீர் தெளித்தால் போதும். வாழையிலையில் தட்டிக் கல்லில் போட்டு நல்லெண்ணெய் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகி நடு மெத்தென்று பச்சையாகவே இருக்கும். மழைக்காலத்தில் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் இதுதான். சளி போகிறதோ இல்லையோ, தட்டு காலியாகிவிடும்.

இலைக்காகக் கழித்துக்கொண்டே இருந்தால் பூ வராது, சிவப்புப் பூ முற்றிய கிளையில்தான். இந்த வருஷம் தெருப்பக்கக் கிளை ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். மரம் மெத்து, புயல் காற்றுக்கு முறியும், அதனால் கயிறு கட்டியாகிவிட்டது. காய் பிடித்தால் பறித்துவிட வேண்டும். விதை நஞ்சு, தெருவில் சின்னப் பிள்ளைகள் அதிகம்.