கொட்டாப்புளி, மே மாசம்

ஏப்ரல் 30, புதன்

வீட்டுக்காரி கழுத்துக் கட்டியில ஊசி போட்டு டெஸ்ட்டுக்கு செல் எடுத்தாச்சு. ரிசல்ட்டுக்கு நாலஞ்சு நாள் ஆகும்னாங்க. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்துகினு கழுத்துல பஞ்ச அமுக்கிக்கினே வந்தா. வேலூர் கிரீன் சர்க்கிள் கிட்ட வழக்கம்போல அரை மணி நேரம் டிராபிக். ரெண்டு பேரும் பேசல.

மே 1, வியாழன்

லீவு. வீட்ல சும்மா உக்கார முடியல, மாடிப்படி அடியில கெடந்த சாமானெல்லாம் வெளிய இழுத்துப் போட்டேன். பழைய கதவ பெஞ்சா போட்டு வெச்சது, அது மேல ஒரு வருஷ தூசு, பையனோட சைக்கிள் டியூப்பு, பெயின்ட் டப்பா, எல்லாம். உளி மூணும் துரு. அதுல ஒரு இன்ச் உளியோட பிடி தலை வெங்காயத் தாள் பூ மாதிரி விரிஞ்சி நிக்குது. யார் வேலை, என் வேலைதான், இரும்பு சுத்தியால அடிச்சி அடிச்சி. மரப்பிடி உளிய மரத்தாலதான் அடிக்கணும்னு தெரியும், தெரிஞ்சே செஞ்சது. டைல்ஸ்காரங்க வெச்சிருக்கிற ரப்பர் சுத்தி ஒண்ணு இருக்கு, அது எகிறுது.

ஒரு கொட்டாப்புளி செய்யலாம், உளிய அடிக்கிற மரச் சுத்தி.

மே 2

ஸ்கேன் ரிப்போர்ட்ட திரும்ப எடுத்து பாத்தேன். கட்டி 1.4 செ.மீ.ன்னு போட்டிருக்கு. 14 மில்லிமீட்டர்னு சொல்லிப் பாத்தா பெருசா தெரியுது.

மே 3, சனி

காலையிலேயே மரவாடிக்கு போயிட்டேன். புளியங்கட்டை வேணும்ணான்னேன், எதுக்குன்னான், கொட்டாப்புளிக்குன்னேன், சிரிச்சான். புளி எல்லாம் கறிக்கடைக்குத்தான் சார் போவுது, வெட்றதுக்கு, உங்களுக்கு தேக்கு துண்டு தர்றேன், பாக்க நல்லா இருக்கும்னான். பாக்கறதுக்கா செய்றேன். கறிக்கடைக்காரன் தெனம் கத்தியால போடற போட்ட தாங்குதுன்னா உளிப் பிடிய அடிக்கிறது அதுக்கு ஒரு வேலையா. பின்னாடி குவியல்ல நானே தேடுனேன். ஒரு துண்டுல பாதிக்கு மேல வெள்ளை, அத எடுக்கக்கூடாது, பூச்சி உழுந்துடும். இன்னொண்ணு வைரம் பாஞ்சது, கருஞ்சிவப்பா கெழங்கு மாதிரி நிறம், ஆனா நடு மையம் உள்ள மாட்டிக்கினு இருக்கு. மையம் இருந்தா வெடிக்கும். கடைசியா ஒண்ணு கெடச்சுது, மையத்துக்கு தள்ளி அறுத்தது. அங்கேயே மெஷின்ல போட்டு 6 இன்ச் நீளம், மூணரை உயரம், ரெண்டேமுக்கால் கனம்னு வெட்டி வாங்கிக்கினேன். கட்டைக்கும் அறுப்புக்கும் சேத்து 200 ரூபா. நார் நீளவாக்குல ஓடணும், அப்பதான் அடிக்கிற முகத்துல நாரோட முனை வரும், மாத்தி வெட்டுனா நாலு அடியில சிம்பு சிம்பா பேந்துடும். இத ரெண்டு தடவ சொன்னேன், மூணாவது தடவ சொன்னப்ப மெஷின்காரன் மொறச்சான்.

சமையல் தராசுல வெச்சேன். 1086 கிராம். ஈரம் இருக்கு.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். கட்டைய பெஞ்சு மேல விட்டுட்டு தூங்கி எழுந்தா ஒரு முகத்துல விரிசல், மயிர் அளவு. பென்சில் வெச்சி முனைய குறிச்சேன், 11 மி.மீ. வேலூர் வெயில்ல பச்சை மரத்த தொறந்து வெச்சது என் தப்புதான், தண்ணி முகத்து வழியாதான் சீக்கிரம் போவுது, வெளிய காஞ்சி சுருங்குது உள்ள சுருங்கல, அப்ப பொளக்காம என்ன செய்யும். மெழுகுவத்திய உருக்கி ரெண்டு முகத்துலயும் தடவி ஈர கோணியில சுத்தி வெச்சிருக்கேன்.

இவ கேட்டா, பிரசவம் பாத்த மாதிரி இருக்கு, இன்னாங்க அதுன்னு.

மே 5

1071. போன் வரல.

மே 6

விரிசல் 14. ஸ்கேல கீழ வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

மே 7, புதன்

போன் வந்துது. ரத்தம்தான் அதிகம் வந்திருக்கு, செல் பத்தல, திரும்ப எடுக்கணும், இந்த வாட்டி ஸ்கேன்ல பாத்துக்கினே எடுப்பாங்களாம். சாதாரணமா நடக்கறதுதான்னு அந்தப் பொண்ணு சொன்னா, நல்லா பொறுமையாதான் சொன்னா. நான் சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு வெச்சப்புறம்தான் பத்தலன்னா நல்லதா கெட்டதான்னு கேக்கல்லியேன்னு தோணுச்சு. திரும்ப கூப்புட்டா லைன் பிஸி. இவகிட்ட எப்படி சொல்றதுன்னு மாடிப்படி அடியிலேயே நின்னுகினு இருந்தேன், அவளே வந்து இன்னா சொன்னாங்கன்னா, செல் பத்தலயாம்னேன், போன்லயும் நமக்கு அதே கதைதானன்னா. சார்ஜ் நிக்காத அந்த போன சொல்றா. சிரிக்கறதா வேணாமான்னு தெரியாம கையில இருந்த உப்புத்தாள மடிச்சி மடிச்சி கிழிச்சிட்டேன்.

குடியாத்தத்துக்கு மாமியாருக்கு சொல்லல. சொல்லவேணாம்னுட்டா.

மே 8

இன்னைக்கு பிளஸ் டூ ரிசல்ட், எதிர்வீட்டு பொண்ணு 541, தெருவே ஸ்வீட்டு. நம்ம வீட்ல வேற. கட்டைக்கு துளை எடுக்கணும்னா உளிய அடிக்க ஏதாவது வேணுமே, கொட்டாப்புளி செய்யறதுக்கே ஒரு கொட்டாப்புளி வேணும், அது எங்கடா இருக்குதுன்னு பாத்து சப்பாத்திக் கட்டைய எடுத்துட்டேன். நாலாவது அடியில ரெண்டா பொளந்துச்சு. கல்யாணத்துக்கு வந்த சீர். சத்தம் கேட்டு வந்து ரெண்டு துண்டயும் கையில எடுத்து பாத்தா, பொருத்திப் பாத்தா, ஒண்ணும் சொல்லாம போயிட்டா. ராத்திரி தோசை.

1058.

மே 9, வெள்ளி

ரெண்டாவது ஊசி. காலைல ஏழுக்கு போனது, முடிய ஒண்ணே கால். பக்கத்துல கல்கத்தாவுல இருந்து வந்த ஒரு அம்மா, பையன் கூட. எங்க தெருமுனை ஓட்டல்ல கூட பெங்காலி போர்டு இருக்கு, எங்களுக்குத்தான் ஒரு வார்த்தை வராது. அந்தம்மா இவ கழுத்த பாத்துட்டு தன் கழுத்த தொட்டு காமிச்சாங்க, தழும்பு, பாதி ஜாக்கெட்டுல மறஞ்சது. ரெண்டு பேரும் அரை மணி நேரம் கைய பிடிச்சிக்கினு உக்காந்திருந்தாங்க. நான் போய் டீ வாங்கிக்கினு வந்தேன், மூணு.

மே 10, சனி

துளை. மேல பெருசு, கீழ சின்னது, பிக்காசு மாதிரி, காம்ப மேல இருந்து விட்டு இறக்கணும். வீச வீச தலை வெளிப்பக்கம் இழுக்கும், இழுக்க இழுக்க காம்போட பருத்த முனையில இறுகும். ஆப்பு வேணாம், பசை வேணாம். கீழ முக்கா இன்ச்சுக்கு ஒண்ணே கால், மேல நீளவாக்குல ஒண்ணரை.

டிரில்லுல 10 எம்எம் பிட்ட போட்டா புகை வருது, பிட்டு நீலம் ஏறுது. புளி எரியற வாசனை அடுப்படி வரைக்கும் போயி பையன் வந்து இன்னாப்பா கொழம்பான்னான். விட்டு விட்டு போட்டேன். மேலருந்து பாதி கீழருந்து பாதி போட்டா நடுவுல சேரும்னு கணக்கு, 3 மி.மீ. தள்ளி போயிடுச்சு. மீதிய உளியாலதான், வெறுங்கையால தள்ளித் தள்ளி, அதே புளியில வந்த ஒரு விறகு துண்டால தட்டி. இத மொதல்லயே செஞ்சிருந்தா சப்பாத்திக் கட்டை தப்பிச்சிருக்கும்.

மே 11

துளை முடிஞ்சுது. 984. இடது கட்டவெரல்ல வெட்டு, சின்னது. நான் ஆஸ்பத்திரிக்கு போவலன்னதுக்கு கத்துனா. நீ மட்டும் போவ, நான் போகக்கூடாதா. ஒரு மாதிரியா சண்ட.

மே 13

ஒண்ணுமில்ல.

மே 15, வியாழன்

வைகாசி ஒண்ணு, குடியாத்தத்துல கங்கையம்மன் சிரசு திருவிழா. வருஷா வருஷம் போவோம். மாமியார் காலைல இருந்து நாலு போன், ஏன் வரல, கூட்டம் எப்படி இருக்கு தெரியுமா, போன்ல அந்த மேள சத்தத்துல இவ பையனுக்கு ஜுரம்னு கத்தி கத்தி சொன்னா. அவன் பக்கத்துல நின்னு மாங்கா தின்னுக்கினு இருந்தான்.

நான் காம்பு சீவுனேன். பழைய மண்வெட்டி காம்பு, கருவேலம், பத்து வருஷம் காஞ்சது. காம்பு நல்லா காஞ்சிருக்கணும், தலை கொஞ்சம் ஈரமா இருந்தா பரவால்ல, காயற தலை கவ்விக்கும். மாத்தி ஆச்சுன்னா ஒரு மாசத்துல கடகடன்னு ஆடும். கண்ணாடி சில்லால சொரண்டி சொரண்டி பிடிய முட்ட வடிவமா கொண்டாந்தேன், உருண்டையா இருந்தா கையில திரும்பிடும், முகம் எந்தப் பக்கம்னு பாக்காம தெரியாது.

விரிசல் 14லயே நிக்குது. மெழுகு வேலை செய்யுது. இல்ல கோணி. எதுன்னு தெரியணும்.

மே 17, சனி

பின்தெரு ஆசாரி அண்ணன் வந்தாரு, வாங்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "வைரமா கீது. எங்க புட்ச்ச?" அப்பால ரெண்டு முகத்தயும் தடவிட்டு, "இன்னாபா, நேரா உட்டுட்ட?" கை முழங்கையில இருந்து சுத்துது, கொட்டாப்புளி உளி மேல உழும்போது முகம் சாஞ்சிதான் உழும், அதனால முகம் ரெண்டும் கீழ்ப்பக்கம் லேசா உள்ள வாங்கியிருக்கணும். சும்மா மாட்டிப் பாத்த காம்பு முனையில இருந்து முழங்கை வரைக்கும் நூல் பிடிச்சி கோடு போட்டு காமிச்சாரு. மூணு நாலு டிகிரி இருக்கும். அறுத்தேன். ஒரு பக்கம் அறுத்ததுல விரிசலோட வாய் கொஞ்சம் போச்சு, மீதி இருக்குது.

இந்த விரிசல் ஓடுமாண்ணான்னு கேட்டேன். ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம், அடிச்சிப் பாருன்னுட்டு காபி கேட்டாரு. இவ போட்டுக் குடுத்தா. கழுத்துல துண்டு சுத்தியிருந்தத பாத்தாரு, கேக்கல.

மே 18, ஞாயிறு

காம்ப மேல இருந்து விட்டு தரையில ரெண்டு குத்து. இறுகிடுச்சு. நல்லெண்ணெய்தான் வீட்ல இருந்துது, அது காயாது பிசுபிசுக்கும்னு தெரியும், இருந்தும் தடவுனேன், கறுப்பா மின்னுது. பிடி பிளந்த உளிக்கும் பூவ சீவி வளையம் மாட்டிட்டேன். மொத அடி. இரும்பு சுத்தி கணீர்னு கத்தும், இது தொம்முனு மட்டும் சொல்லுது.

வேப்பங்கட்டையில புது சப்பாத்திக் கட்டை ஒண்ணு கொத்திக்கினு இருக்கேன். கடைஞ்சா அரை மணி நேரம், உளியால நாலு நாள் ஆவும், பரவால்ல.

மே 19, திங்கள்

9.40க்கு போன். பத்தரைக்குள்ள வர முடியுமான்னு. பைல் அவ பையில. சில்லறை எடுத்துக்கினேன். கேஸ் ஆப் பண்ணாச்சு. கோணிய நனைச்சு வெக்க மறந்துட்டே