அலுவலகத்தாரோடு ஓர் இராத்தங்கல்

ஜப்பானிய நிறுவனங்களில் ‘ஷைன் ரியோகோ’ என்றொரு வழக்கம் உண்டு. முதலாளி முதல் புதிதாகச் சேர்ந்தவர் வரை எல்லோரும் ஒரே பேருந்தில் ஏறிப் போய், மலையிலோ கடலோரத்திலோ உள்ள வெந்நீரூற்று விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மாலை ஊர் திரும்புவார்கள். செலவில் பெரும்பங்கு நிறுவனத்துடையது. போருக்குப் பின் நாடு வேகமாக வளர்ந்த காலத்தில் வேரூன்றிய இப்பழக்கம் இன்று பல இடங்களில் அருகிவிட்டது. சைதாமா மாகாணத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மட்டும் அது விடாமல் நடக்கிறது. அந்தப் பயணம் அயல்நாட்டவருக்கு என்ன தருகிறது, எங்கே உறுத்துகிறது என்பதைக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து அங்கே வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். விடுப்பில் வந்திருக்கும் என்னிடம் அத்தை மகள் கேட்ட முதல் கேள்வியே இதைப் பற்றித்தான்.

முதல்முறை நான் போகப்போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது ஆத்தாவுக்குப் பிடிக்கவில்லை. “பொம்பளப் பிள்ளை ஆபீஸ் ஆளுகளோட ராத்தங்குறதா?” என்றார். அருகிலிருந்த அப்பத்தா குறுக்கிட்டு, “உங்க ஐயா கிட்டங்கியில அப்படித்தானே இருந்தாக” என்றார். கிட்டங்கி என்பது நகரத்தார் வட்டிக்கடைகள் பல ஒன்றாக நடந்த கட்டடம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி உதவியாளாகச் சேர்ந்தவர் என் தாத்தாவான ஐயா. நீண்ட கூடம், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் சாய்வு மேசையும் வைக்கும் அளவு இடம், பகலெல்லாம் வட்டிக்கணக்கு எழுதிய தரையிலேயே இரவில் பாய் விரித்து, மேலாளும் அடுத்தாளும் பையனும் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். தொழில் பாதி பகலில் படித்தது, பாதி படுத்தபின் பேச்சில் கேட்டது என்று ஐயா சொல்வாராம். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. அந்த ஆண்டுகளை அப்பத்தா கண்டனூர் வீட்டில்தான் கழித்தார். பேத்தி போவதற்கு முதலில் சம்மதம் சொன்னதும் அவர்தான் என்பதை நான் மறக்கவில்லை.

நாங்கள் போனது தொச்சிகி மாகாணத்தில், நிக்கோவுக்கு அப்பாலுள்ள கினுகாவா வெந்நீரூற்றுக்கு. வழியில் ஜப்பானின் பழைய ஆட்சித்தலைவர் தொகுகாவா இயேயாசுவைத் தெய்வமாக வைத்து வழிபடும் தோஷோகுக் கோயிலையும், கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகளையும் பார்த்தோம். பேருந்தில் காலை பத்து மணிக்கே பியர் திறக்கப்பட்டது. பிங்கோ ஆடிப் பரிசு கொடுத்தார்கள். இவையெல்லாம் எந்தச் சுற்றுலாவிலும் உள்ளவைதான்.

நான் சொல்ல விரும்புவது பயணப் பொறுப்பாளரைப் பற்றி. பெரும்பாலும் இளையவர் ஒருவரின் தலையில்தான் அந்த வேலை விழும். விடுதி பிடிப்பது, அறை பிரிப்பது, யார் குறட்டை விடுவார், யாருக்கு இறால் ஒவ்வாது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் பொறுப்பாளர், பணியில் என்னைவிட இளையவரான ஒரு பையன், இரண்டு வாரம் முன்பே என் மேசைக்கு வந்து என்ன சாப்பிடுவேன் என்று கேட்டான். செட்டிநாடு என்றாலே கோழி என்று நினைப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம், நான் சைவம். ஜப்பானில் சைவ உணவின் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீன் துண்டில் இல்லை. காய்கறிக் குழம்பிலும் சாறிலும் கலந்திருக்கும் ‘தாஷி’யில் இருக்கிறது. உலர்த்திச் சீவிய சூரை மீனைக் கொதிநீரில் இட்டு இறுத்த நீர் அது. தாமரைத்தண்டைக்கூட அதில்தான் வேகவைப்பார்கள். இதை விளக்கிச் சொன்னதும் அவன் குறித்துக்கொண்டு போய் விடுதிக்கு எழுதினான். அன்றிரவு என் தட்டில் ‘கொம்பு’ என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் ஊறவைத்த சாறும், நிக்கோவின் பெயர்பெற்ற ‘யுபா’வும் இருந்தன. சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடையை எடுத்துச் சுருட்டியது யுபா. புலால் உண்ணாத பௌத்தத் துறவிகளின் உணவாக வளர்ந்தது. அது தட்டில் வந்ததைவிட, வருவதற்காக ஒருவன் மெனக்கெட்டதுதான் எனக்குப் பெரிது.

விருந்துக் கூடத்தில் பாய்த்தரையில் எதிரெதிராக இரண்டு வரிசை. வழக்கமாக உயர்ந்தவர் உள்ளே, இளையவர் வாசலோரம் அமர்வார்கள். எங்களுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் தந்தார்கள். எல்லோரும் ‘யுகாத்தா’ என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்திருந்ததால் யார் இயக்குநர், யார் கடைசல் பிடிப்பவர் என்று உடையைக் கொண்டு சொல்ல முடியாது. ‘கன்பாய்’ சொல்லிக் குடித்ததும் ஒவ்வொருவராகப் பாட்டிலோடு எழுந்து அடுத்தவர் முன் மண்டியிட்டு ஊற்றத் தொடங்கினர். எங்கள் பிரிவுத் தலைவர், அலுவலகத்தில் எண்களைத் தவிர வேறு பேசாதவர், நான் குடிப்பதில்லை என்று தெரிந்து ஊலாங் தேநீர்ப் பாட்டிலோடு வந்து அமர்ந்தார். ஒரு தண்டின் விட்டத்துக்கு அனுமதிக்கும் அளவு வேறுபாட்டைச் சற்றுத் தளர்த்தலாம் என்று நான் எழுதியதை அவர் காரணம் சொல்லாமல் மறுத்திருந்தார். அன்று காரணத்தைச் சொன்னார்: தாம் இளைஞராக இருந்தபோது அதே தளர்வுக்கு ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் மொத்தச் சரக்கையும் திருப்பியனுப்ப, இரவெல்லாம் ஒவ்வொன்றாக அளந்து பிரித்தாராம். அலுவலகத்தில் அதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

அதே கூடத்தில்தான் உறுத்தலும். மூத்த விற்பனையாளர் ஒருவர் காலிக் குவளையை நீட்டி, எங்கள் அறைப் பெண்களில் இளையவளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் மூத்த சகப் பணியாளர் எழுந்து போய், பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். பணியிடத்தில் அதிகாரத்தைக் கொண்டு துன்புறுத்துவதைத் தடுக்கும் கடமை 2020 ஜூனில் பெருநிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரலில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் சட்டமாகிவிட்டது. பெண்தான் ஊற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சில மனங்களில் இன்னும் போகவில்லை. அதை மரபென்று ஏற்க நான் தயாரில்லை.

குளியலைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குளம். ஆனால் உடையின்றித்தான் இறங்க வேண்டும், முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே. எனக்கு அது இயலாது என்று சொன்னேன். குடும்பமாகவோ தனியாகவோ நேரம் பதிந்து குளிக்கும் சிறு குளியலறை அந்த விடுதியில் இருப்பதை அந்த மூத்த சகப் பணியாளர் சொல்லி, தாமே பதிந்தும் கொடுத்தார். அதன்பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

அறையில் மெத்தைகளை நெருக்கி விரித்து விளக்கணைத்த பிறகு நடந்த பேச்சு, யாருடைய தாயாருக்கு நினைவு தப்புகிறது, யார் வேலையை விட எண்ணுகிறார் என்று போனது. ஐயா கிட்டங்கியில் கேட்டதும் இப்படிப்பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், கட்டாயப்படுத்திக் கூட்டிப்போவதை நான் ஏற்கமாட்டேன். 4 இரவு 5 பகலுக்குள் முடிந்து, பணியாளரில் பாதிப்பேராவது கலந்துகொண்டு, செலவும் அளவாக இருந்தால்தான் அந்தத் தொகையைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி விதிப்பதில்லை என்பது அந்நாட்டு வரித்துறையின் நெறி. வராதவருக்குப் பதிலாக ரொக்கம் கொடுத்தால் சலுகை போய்விடும். இதனால் ஆள் சேர்க்கும் நெருக்கடி பொறுப்பாளர் மேல் விழுகிறது. அவர் வழியாக மற்றவர்மேல் இறங்குகிறது. எங்கள் நிறுவனத்தில் வர விரும்பாதவர் காரணம் எழுத வேண்டியதில்லை. அத்தை மகளிடம், சேரப்போகும் இடத்தில் அப்படித்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். போவதென்றால் உணவையும் குளியலையும் பற்றிப் பொறுப்பாளரிடம் வாரக்கணக்கில் முன்பே எழுத்தில் தெரிவிக்கவும் சொன்னேன்.