கோதுமைய நிறுத்தினதும் திரும்ப ஊட்டினதும்

பிப்ரவரி 4

இன்னிக்கு குட்டிக்கு வெயிட் பார்த்தாங்க, 8.6 கிலோ. ஒன்பதாம் மாசத்துல 8.9 இருந்தா, இப்ப பதிமூணு முடிஞ்சிருச்சு, ஏற வேண்டியது இறங்கியிருக்கு. மெஷின்ல தான் ஏதோ கோளாறுன்னு நர்ஸ் இறக்கிட்டு திரும்ப ஏத்தினாங்க. அதே 8.6. வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பியிருக்கு, பின்பக்கம் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பா தொங்குது, குளிப்பாட்டும்போது அந்த மடிப்ப விரிச்சு கழுவ வேண்டியிருக்கு. இத்தனை நாள் கண்ணுல பட்டும் மனசுல படலையே.

பிப்ரவரி 9

ராத்திரி தூக்கம் வரல, அதான் எழுதறேன். இவ மூணு மாசக் குழந்தையா இருக்கும்போது சாயங்காலமானா வீறிட்டு அழுவா. அம்மா சாப்பிடற கோதுமை பால் வழியா போய் குழந்தைக்கு ஆகலன்னு யாரோ சொன்னாங்க, அன்னியோட கோதுமைய விட்டேன், கொஞ்ச நாள்ல மாட்டுப் பாலையும் விட்டேன். நாலாம் மாசம் அழுகை நின்னுச்சு. பார்த்தியா, நான் விட்டதால தான் நின்னுச்சுன்னு எனக்கு ஒரே பெருமை. அந்த வயசுல முக்கால்வாசி குழந்தைங்களுக்கு அழுகை தானாவே குறைஞ்சிரும்னு இப்ப தான் தெரியுது.

இதுல கூத்து என்னன்னா, ஏழாம் மாசத்துலேர்ந்து அவளுக்கு கோதுமைக் கஞ்சி, பிரட், பிஸ்கட் எல்லாம் நானே ஊட்டியிருக்கேன். நான் தொடல, அவ சாப்பிட்டா. ரெண்டு மாசத்துல வயித்தால போக ஆரம்பிச்சது, பல்லு முளைக்குதுன்னு விட்டுட்டோம்.

நாளையிலேர்ந்து அவளுக்கும் கோதுமை கிடையாது. முடிவு பண்ணிட்டேன்.

பிப்ரவரி 25

ரெண்டு வாரத்துல டயப்பர் நல்லா மாறிடுச்சு. முன்ன வெளுப்பா, எண்ணெய் மிதக்கற மாதிரி, ரூம் முழுக்க நாறும், இப்ப அப்படி இல்ல. கண்டுபிடிச்சிட்டேன்னு ஜம்பமா டாக்டர்கிட்ட சொன்னா, எழுதிட்டிருந்தவங்க பேனாவ கீழ வச்சிட்டாங்க. "டெஸ்ட்டுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களாம்மா?"

அவங்க சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதி வைக்கறேன். இது சீலியாக்கா இருக்கலாம். கோதுமை, பார்லி, ரைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போகும்போது உடம்பு தன் குடலையே தாக்கற நோய், வெறும் ஒத்துக்காம போறது இல்ல. சத்த உறிஞ்சற விரல் மாதிரி நுனிங்க குடல்ல இருக்கும், அதெல்லாம் தேஞ்சு தட்டையாயிரும், அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் உடம்புல ஒட்டாது. ரத்த டெஸ்ட்ல தேடறது அந்தத் தாக்குதலோட தடயத்த. கோதுமைய நிறுத்திட்டா தடயமும் கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சிரும், நோய் இருக்கற குழந்தைக்கே இல்லன்னு ரிசல்ட் வரலாம். ரெண்டு வாரம் தான் ஆச்சு, ஆனாலும் ரிஸ்க் வேணாம், இன்னிலேர்ந்து ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல கோதுமை குடுங்கன்னாங்க. ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய பத்தியம், அத சந்தேகத்த வச்சு ஆரம்பிக்கக் கூடாதாம்.

கோதுமை அலர்ஜி வேறயாம். அதுல சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, வீக்கம், வாந்தின்னு வரும், இவளுக்கு அப்படி வந்ததே இல்ல, அதனால தான் வீட்டுலயே குடுக்கச் சொல்றாங்க. ரொம்ப வாந்தி எடுத்தாலோ துவண்டு போனாலோ உடனே நிறுத்திட்டு தூக்கிட்டு வரணும்.

வெளிய வரும்போது கேட்டுட்டேன், என் பால்னால வந்ததா டாக்டர்னு. அம்மா சாப்பிடற க்ளூட்டன் துளியூண்டு பால்ல போகறது உண்மை தானாம், ஆனா அம்மா பத்தியம் இருந்தா குழந்தைக்கு இது வராதுன்னு எந்த ஆராய்ச்சியும் காட்டலையாம். 2014ல ரெண்டு பெரிய ஆராய்ச்சி வந்துச்சாம், ஒண்ணுல நாலாம் மாசத்துலேர்ந்தே கொஞ்சூண்டு க்ளூட்டன் குடுத்துப் பார்த்தாங்க, இன்னொண்ணுல ஒரு வயசு வரைக்கும் தள்ளிப் போட்டுப் பார்த்தாங்க, ரெண்டுலயும் நோய் வர்ற எண்ணிக்கை குறையல, தாய்ப்பால் குடிச்சதும் தடுக்கல. தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு மலத்துல ரத்தம், சளின்னு வந்தா முதல்ல சந்தேகப்படறது மாட்டுப் பால் புரதத்த தானாம். அதுக்கும் அம்மா ரெண்டுலேர்ந்து நாலு வாரம் நிறுத்திப் பார்த்துட்டு, திரும்ப சாப்பிட்டு உறுதி பண்ணணும். "நீங்க பத்து மாசமா எதுக்கும்மா பட்டினி கிடந்தீங்க, கால்சியம் மாத்திரையாவது போட்டீங்களா?"ன்னாங்க. போடல.

மார்ச் 3

பிரட்ட திரும்ப ஆரம்பிச்சு ஆறு நாள். அவளுக்கு ஓரம் தான் பிடிக்கும், அந்த ப்ரௌன் ஓரத்த ரெண்டு விரலால உரிச்சு எடுத்து, ஒரு கடி கடிச்சிட்டு, எச்சிலோட என் வாய்க்கு நீட்டறா. நான் பழக்கத்துல வாய மூடிக்கறேன். டாக்டர் நீங்களும் சாப்பிடலாம்னு தான் சொன்னாங்க, பத்து மாசப் பயம் போகல. அவளுக்கு ஊட்டறேன், எனக்கு இறங்கல.

மார்ச் 12

ஏழு டயப்பர். ஒட்டுக்கா எரிச்சல், யார் தொட்டாலும் அழுகை. அத்தை கேட்டாங்க, தெரிஞ்சே குடுக்கறியேம்மான்னு. பதில் சொல்லல, ரூமுக்குப் போயிட்டேன்.

மார்ச் 22

இவள மடியில போட்டு தட்டிக்கிட்டே போன்ல படிச்சேன். 1888லயே லண்டன்ல சாமுவேல் ஜீங்கற ஒரு டாக்டர் இந்த நோய விவரிச்சு, சாப்பாட்டு விஷயத்துல தான் வழி இருக்குன்னும் சொல்லியிருக்காராம். எந்தச் சாப்பாடுன்னு அவருக்குத் தெரியல. 1920கள்ல ஒரு டாக்டர் வாழைப்பழமா குடுத்து குழந்தைங்கள தேத்தினாராம். அது வாழைப்பழத்தோட மகிமை இல்ல, அந்தப் பத்தியத்துல கோதுமை இல்லாததோட மகிமை! அப்புறம் நெதர்லாந்துல டிக்கேன்னு ஒரு குழந்தை டாக்டர், அவர் ரொம்ப நாளா கோதுமை மேலயே சந்தேகமா இருந்திருக்கார். 1944-45 பஞ்சத்துல ஊரே பிரட் இல்லாம வாடினப்ப சீலியாக் குழந்தைங்க தேறியிருக்காங்க, பிரட் திரும்ப வந்ததும் திரும்பப் படுத்திருக்காங்க. 1950ல ஆய்வா எழுதிட்டார். ஊரு பட்டினியில கிடக்க ஒரு வார்டுல மட்டும் குழந்தைங்க கன்னம் உப்பறத அந்த அம்மாங்க என்னன்னு நினைச்சிருப்பாங்க.

ஏப்ரல் 8

ரத்தம் எடுத்தாச்சு. டிடிஜி ஐஜிஏ, அது தான் அந்தத் தாக்குதலோட தடயத்த தேடற டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ அளவும். ஐஜிஏங்கறது உடம்பு உண்டாக்கற ஒரு வகை எதிர்ப்புப் பொருள். சில பேருக்கு உடம்புலயே ஐஜிஏ கம்மியாம், அத பார்க்காம விட்டா நோய் இருந்தும் டெஸ்ட் நார்மல்னு ஏமாத்திரும். கைய நான் தான் பிடிச்சுக்கிட்டேன்.

ஏப்ரல் 24

டிடிஜி, நார்மல் அளவோட உச்சத்த விட பத்து மடங்குக்கு மேல வந்திருந்தது. அதனால தனியா இன்னொரு தடவ ரத்தம் எடுத்து இஎம்ஏன்னு ஒரு டெஸ்ட் பண்ணாங்க, அதுவும் பாசிட்டிவ். இவ்வளவு தெளிவா இருந்தா குழந்தைங்களுக்கு மயக்கம் குடுத்து குழாய் விட்டு குடல்லேர்ந்து துளி சதை எடுக்கற வேலை இல்லாமலே உறுதி பண்ணலாமாம். சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியாம ரெண்டும் பண்ணேன்.

இனிமே கோதுமை, பார்லி, ரை மூணும் கிடையாது, பார்லியில செய்யற மால்ட்டும் கிடையாது. ஓட்ஸ இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொன்னாங்க, அரைக்கற இடத்துல கோதுமை கலந்துரும். லேபிள்ல க்ளூட்டன் ஃப்ரீன்னு போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதாம். பிரட் டோஸ்டர தூக்கிப் போட்டோம், அதுல உதிர்ற தூளே போதுமாம். நான் யோசிக்காதது அவ விளையாடற கலர் மாவு உருண்டை, சில பிராண்டுல கோதுமை மாவு தான், இவ அத தின்னுட்டு தான இருந்தா!

மே 19

9.3 கிலோ! அதவிட, நேத்து சாப்பிட்டு முடிச்சதும் தட்ட என் பக்கம் தள்ளி இன்னும்னு கேட்டா. போன மாசம் தாய்ப்பாலையும் அவளே விட்டுட்டா.

கூடப் பிறந்தவங்க, அப்பா அம்மாவுக்கு பத்துல ஒருத்தருக்கு இருக்கலாம்னு எங்க ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணாங்க. அவருக்கு இல்ல. எனக்கு நார்மல்னு வந்துச்சு, ஆனா டாக்டர் அத நம்பல, கோதுமைய விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே இல்லன்னுட்டாங்க. ஜீன் டெஸ்ட்டும் பண்ணோம். இந்த நோய்க்கு வேணுங்கற டிக்யூ2, டிக்யூ8ங்கற ஜீன் ரெண்டும் இல்லேன்னா கவலைய விட்டிருக்கலாம், எனக்கு ஒண்ணு இருக்கு. நூத்துல முப்பது நாப்பது பேருக்கு இருக்குமாம், நோய் வர்றது கொஞ்சம் பேருக்கு தான். ஆனா காலேஜ் நாள்லேர்ந்து நான் முழுங்கற இரும்புச் சத்து மாத்திரைய அவங்க ரெண்டு தடவ விசாரிச்சாங்க.

ஆக ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல. இந்தத் தடவ எனக்கு.

மே 21

பால்கனியில கதவ சாத்திட்டு நின்னுக்கிட்டே பிரட் சாப்பிடறேன். தூள் விழாம கீழ பேப்பர். அப்புறம் வாய் கொப்பளிச்சு, சோப்பு போட்டு கை கழுவி, மேல துப்பட்டாவ மாத்திட்டு தான் உள்ள போகணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ நின்னு தட்டறா, ஓரத்த பார்த்துட்டா.