பிடி அரிசியும் நானாட கொப்பியும்

அம்மா உலைக்கு அரிசி அளந்து எடுத்த கையோட, கழுவ முதல், அதுக்குள்ள இருந்து ஒரு பிடி அள்ளி அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிற பால்மா பேணிக்குள்ள போடுவா. மூண்டு சுண்டு எண்டா அந்த மூண்டுக்குள்ள இருந்துதான் பிடி, அதுக்கெண்டு தனியா அளக்கிறேல்ல, எங்கட சோத்திலதான் குறையோணும், அதுதான் அவட கணக்கு. சின்ன வயசில நான் நினைச்சது அது எலிக்கு வைக்கிற அரிசி எண்டு. பேணி நிறைஞ்சா ஆருக்குப் போகுது எண்டு எங்களுக்குச் சொல்ல மாட்டா. ஒரு சொப்பிங் பேக்கில கட்டி சீலைத் தலைப்புக்குள்ள மறைச்சுக்கொண்டு பின் வேலிப் பொட்டுக்குள்ளால போவா, வரேக்க வெறுங்கை.

கலியாணம் முடிச்சு திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வந்த பிறகு நான் அதை மறந்தே போனன். 2022ல பெற்றோலுக்கு ஒரு லைன், காஸுக்கு ஒரு லைன், மண்ணெண்ணெய்க்கு ஒரு லைன் எண்டு ரோட்டிலயே குடும்பம் நடத்தின காலத்தில, ஒருநாள் மனுசி முத்தத்தில விறகடுப்பு மூட்டி சோறு வைக்கேக்கதான் அந்தப் பேணி ஞாபகம் வந்தது. அரிசி விலை ஏறிக் கிடக்கிற நேரம் பாத்துத்தான் உங்களுக்கு இந்த ஞானம் வருது எண்டு பேசினா, பேசிக்கொண்டே ஒரு பிடி போட்டா. விசருக்குத் தராசில வச்சும் பாத்தனான், என்ட பிடி 45 கிராம், அவட பிடி 30. ஒருநாளைக்கு ஒருக்கா சோறு எண்டா மாசம் ஒரு கிலோ முன்ன பின்ன வரும், அவ்வளவுதான். ஒரு கிலோவில ஒருத்தருக்கும் விடியப் போறேல்லத்தான். ஆனா பேணி நிறைஞ்சா ஆருக்குக் குடுக்கிறது எண்டு யோசிக்க வேண்டி வருது பாருங்கோ, அதுக்காகவே எங்கட ஒழுங்கையில ஆர் வீட்டில புகை வரேல்ல எண்டு பாக்கத் தொடங்கினம். அதுவரைக்கும் பக்கத்து வீட்டில எத்தினை பேர் எண்டே எனக்குச் சரியாத் தெரியாது.

அதே வருசம்தான் நான் ஒரு பிழையும் விட்டனான். நாங்கள் கொஞ்சப் பெடியள் சேந்து காசு போட்டு 40 பொதி கட்டினம், அஞ்சு கிலோ அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, நெத்தலி. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பின கூட்டாளிமாருக்குக் கணக்குக் காட்டோணும் எண்டு போட்டோ எடுத்தம். ஒரு அன்டி பொதிய வாங்கேக்க சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினவ, நான்தான் "அன்டி இங்கால பாருங்கோ" எண்டு சொன்னனான். பேஸ்புக்கில போட்டாச்சு, லைக்கும் வந்து கொட்டுது, நானும் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா திறந்து திறந்து பாக்கிறன். ரெண்டு நாள் கழிச்சு கத்தார்ல இருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, மூண்டாவது படத்தில நிக்கிறது என்ட அம்மா. ரூமில எல்லாரும் பாத்திட்டாங்கள். எடுத்து விடுவீங்களா." ஒரு வார்த்தை ஏசேல்ல. ஏசியிருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

படத்தை எடுத்திட்டு அடுத்தநாள் அவட வீட்டுக்குப் போனன். மன்னிப்புக் கேக்கத்தான் போனது, வாய் வரேல்ல. அவவும் அதைப் பற்றிக் கதைக்கேல்ல. இருங்கோ தம்பி எண்டு கதிரைய இழுத்துப் போட்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தா. மேசையில சீனிச் சரை, நாங்கள் பொதிக்குள்ள வச்ச அதே சரை, நான் கட்டின முடிச்சு. எனக்கு ரெண்டு கரண்டி போட்டா, தனக்குப் போடேல்ல. "மகன் நல்ல பிள்ளை தம்பி, சம்பளம்தான் கொஞ்சம் பிந்துது" எண்டா. அந்தத் தேத்தண்ணிய நான் எப்பிடிக் குடிச்சன் எண்டு எனக்குத்தான் தெரியும்.

இதில பெரிய வெக்கம் என்னெண்டா நான் வாங்கின கையும்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடம் ஒண்டில முகாமில இருந்தம், எனக்கு 11 வயசு. உடுப்புப் பெட்டியில இருந்து எனக்குக் கிடைச்சது பஞ்சு வச்ச தொப்பியோட தடிச்ச ஸ்வெட்டர் ஒண்டு, திருகோணமலை வெயிலுக்கு! அதை வாங்கேக்க கமெரா வச்சிருந்தவர் திரும்ப ஒருக்கா வாங்கச் சொன்னவர், முதல் படம் ஆடிப்போச்சாம். குடுத்திட்டுப் பறிச்சு, திரும்பவும் குடுத்தாங்கள். ஸ்வெட்டரை அம்மா வெட்டி சட்டி இறக்கிற துணி ஆக்கினா, கன காலம் நிண்டு பிடிச்சது. இவ்வளவும் தெரிஞ்ச நான்தான் "இங்கால பாருங்கோ அன்டி" எண்டனான்.

குடுக்கிறதில எங்கட ஊர் குறைஞ்ச ஊர் இல்ல. நோன்பு மாசத்தில பள்ளிவாசல்ல காய்ச்சின கஞ்சி தூக்குச் சட்டியில எங்கட வீட்டுக்கும் வரும், வெசாக்குக்கு சனத்துக்குச் சும்மா குடுக்கிற தன்சல் லைன்ல நிண்டு ஐஸ்கிரீம் குடிப்பம், பத்திரகாளி அம்மன் தேருக்கு தண்ணிப் பந்தல்ல மோரும் சர்க்கரைத் தண்ணியும். கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போற வழியில நிக்கிற மானுக்கும் சனம் குடுக்குது, பாசமாத்தான் குடுக்குது, பிஸ்கட்டை உறையோட போட்டிட்டுப் போனா அந்தச் சீவன் பொலித்தீனையும் சேத்து விழுங்குது. ஸ்வெட்டர் குடுத்தவரும் பாசத்திலதான் குடுத்திருப்பார்.

எனக்குப் பிடிச்ச குடுப்பு ரத்தம். ஆருக்குப் போகுது எண்டு எனக்கும் தெரியாது, ஆர் தந்தது எண்டு அவருக்கும் தெரியாது, ஒருத்தரும் திரும்பி நிண்டு சிரிக்கத் தேவையில்ல. இலங்கையில 2014ல இருந்து முழுக்க முழுக்க ஆக்கள் தாங்களா விரும்பிக் குடுக்கிற ரத்தத்திலதான் ரத்த வங்கி ஓடுது, நாலு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கலாம். ரத்தத்தில இருந்து பிரிச்சு டெங்குக்காரருக்கு ஏத்துற பிளேட்லெட்டை அஞ்சு நாளைக்கு மேல வச்சிருக்க ஏலாது, அதால மாரி மழையோட டெங்கு தொடங்கினா எங்க எண்டாலும் ஒரு முகாம் போடுவாங்கள். படுத்துக் கிடந்து எழும்பினா பிஸ்கட்டும் குடிக்க ஏதாவதும். ஊசிக்குப் பயந்த ஆக்கள் என்னைப் போல மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு குடுங்கோ.

இப்ப நான் செய்யிறது என்னெண்டா, எங்கட சந்தியில ஒரு நானாட கடை, முஸ்லிம் அண்ணைமாரை நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுறது, அவரிட்ட ஒரு கடன் கொப்பி இருக்கு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள். ஆர்ட பக்கம் எண்டு நான் கேக்கிறேல்ல, மாசம் ஒருக்கா ஒரு தொகையக் குடுத்து ஏலாத ஆளா உங்களுக்குத் தெரியுமே, ஒண்டை வெட்டி விடுங்கோ எண்டுவன். முதல் தரம் நானா கண்ணாடிய இறக்கி என்னை மேலயும் கீழயும் பாத்தார். "இதில சிகரெட்டுக் கடனும் இருக்கு தம்பி, அதையும் வெட்டவா?" நான் அரிசி மா சீனிய மட்டும் எண்டு இழுக்க, "அப்ப நீங்க கடன் கட்ட வரல்ல, விசாரணைக்கு வந்திருக்கீங்க" எண்டார். வாய மூடிக்கொண்டு முழுப் பக்கத்துக்கும் கட்டினன். முஸ்லிம் ஆக்களுக்கு சகாத் எண்டு குடுக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஒரு அளவுக்கு மேல வருசம் முழுக்க மிஞ்சி நிக்கிற சொத்தில 2.5 வீதம். எங்கட வீடுகளில அப்பிடி ஒரு கணக்கும் இல்ல, மனசு வந்தா குடுப்பம், மனசு எப்ப வாறது.

போன மாசம் வெட்டினது ஒரு ஓட்டோக்கார அண்ணைட பக்கம், காய்ச்சல்ல ரெண்டு கிழமை ஓடாமக் கிடந்தவராம். எனக்கு அது தெரிய வந்தது எப்பிடி எண்டா, அந்த அண்ணை நானாதான் தன்ர கடனை விட்டிட்டார் எண்டு நினைச்சுக்கொண்டு இப்ப நானாவ ஒவ்வொரு நாளும் விடியக்காத்தால காசு வாங்காம ஏத்தி இறக்கிறார். நானா எத்தினையோ தரம் நான் இல்லப்பா எண்டு சொல்லியும் மனுசன் நம்புறேல்லையாம். எனக்கு வயிறு எரியேல்ல எண்டு சொன்னா அது பச்சைப் பொய். நேத்து பின்னேரம் நான் நிலாவெளி ரோட்டில பஸ்ஸுக்கு நிக்கிறன், தூறல் வேற, நானாவ ஏத்திக்கொண்டு அதே ஓட்டோ வருது. நானா என்னைக் கண்டு சிரிச்சுக்கொண்டு கை காட்டினார். அண்ணை ஹோர்ன் அடிச்சார். நிப்பாட்டேல்ல.