தங்கையை ஹாக்கி விடுதியில் சேர்க்க நாங்கள் அலைந்த அலைச்சல்

தேர்வுப் போட்டியில் என் தங்கைக்கு ஒரு தடங்கலும் வரவில்லை. முதல் நாளே பட்டியலில் பெயர் வந்துவிட்டது. மூங்கிலைத் தீயில் வாட்டி வளைத்து மட்டையாக்கி, ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைக்கும் கஸ்ஸிப் போட்டிகளில் ஆடி வளர்ந்தவள் அவள். எங்களை வாட்டியது காகிதம்தான்.

ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் நாங்கள் கடியா பழங்குடியினர். விடுதியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குக் கதியான் வேண்டும். அதாவது வெள்ளையர் காலத்து நில அளவையில் எழுதிய பதிவு. அப்பா தகரப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மடிப்பெல்லாம் விட்டுப்போய் நான்கு துண்டாக இருந்தது. பழைய காலண்டர் அட்டையில் பசை தடவி ஒட்டி, சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம்.

"இதில் இருப்பவர் உங்கள் முப்பாட்டன் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார் எழுத்தர். முகம் நிமிரவே இல்லை. சுமராய் டேட்டேயும் சலீமா டேட்டேயும் புறப்பட்டு இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்கே தலைமை தாங்கிய மாவட்டம் இது. இங்கேயே ஒரு ஹாக்கிக்காரப் பெண்ணின் காகிதத்துக்கு இந்தக் கதி என்றால் வயிறு எரியாதா?

அடுத்து வம்சாவளி எழுதி முகியாவின், அதாவது ஊராட்சித் தலைவரின், கையெழுத்து வாங்க வேண்டும். அப்பாவுக்குத் தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது. எண்பது வயதைத் தாண்டிய பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினாள். யார் யாருக்குப் பிறந்தார், யார் தேயிலைத் தோட்ட வேலைக்கு அசாம் போய்த் திரும்பவில்லை என்பது வரை சொன்னாள். கதியானில் இருந்த பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டாம் முறை போனோம். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1, பள்ளிப் பதிவேட்டில் வேறு தேதி என்று திருப்பி அனுப்பினார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? சேர்க்கைக்கு ஆறே நாள்தான் இருந்தது. அம்மா மழைக்காலத்துக்கென்று காயவைத்திருந்த இலுப்பைப் பூவை விற்றுப் பஸ் காசு கொடுத்தாள். டெல்லியில் நான் வீட்டு வேலை செய்யும் இடத்தில் விடுப்பு முடிந்துவிட்டது. சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கிவிட்டேன்.

பள்ளியில் ஒரே நாளில் கடிதம் கொடுத்தார்கள். அந்தத் தலைமையாசிரியருக்கு என்றும் நன்றி. ஆதாரும் திருத்தியானது. மூன்றாம் முறை விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகைச் சீட்டு தரும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அதுதான் காப்பாற்றியது. சான்றிதழ் கைக்கு வராத நிலையில், கடைசி நாளன்று அந்தச் சீட்டைக் காட்டியதும் விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழ் பிறகுதான் வந்தது.

உங்கள் வீட்டுப் பெண் மட்டையைக் கையில் எடுத்த அன்றே ஆதாரையும் பள்ளிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலக் கதியானை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் வம்சாவளியை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி அடுத்த தேர்வுக்குத் தயாராகிறாள். அவளுடைய பாட்டியிடம் நேற்று மாலை நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். ஐந்து தலைமுறை வரை வந்திருக்கிறது.